யாருடைய ரத்தம்?

மலையடிவார ஓடைக்கரையில், ஒரு பாறைப் பொந்தில் தாய்ச் சிறுத்தை ஒன்று தன் ஒற்றைக் குட்டியோடு இருந்தது. முந்தைய ஈற்றுக் குட்டிகளைக் கழுதைப்புலிகள் தூக்கிப் போய்விட்டன. அதனால் இந்தக் குட்டியை அது கண்ணைவிட்டு அகல விடாது. சருகு அசைந்தாலும் போதும், பிடரியைக் கவ்விக்கொண்டு வேறு பொந்துக்குப் போய்விடும்.

இத்தனை கவனமுள்ள சிறுத்தை தன் வாயைக் கவனிக்கவில்லை. முன்பெல்லாம் தின்று முடித்ததும் எலும்பை நிதானமாகக் கடித்துப் பல்லைச் சுத்தம் செய்யும். குட்டி பிறந்த பிறகு அதற்கு ஏது நேரம்? சதையை அவசரமாகப் பிய்த்து விழுங்கிவிட்டுப் பொந்துக்கு ஓடியது. பல்லிடுக்கில் சதை தங்கி அழுகியது.

வாயில் ரத்தம் கசிந்தது. "தின்ற மானின் ரத்தம்" என்று நக்கிக்கொண்டது.

ஒருநாள் சிறுத்தை கொட்டாவி விட்டபோது, மரத்திலிருந்த மந்தி எட்டிப் பார்த்தது.

"அக்கா, உன் ஈறெல்லாம் சிவந்து வீங்கியிருக்கிறது. வாடை இந்தக் கிளைவரை அடிக்கிறது."

"மான் தின்கிற வாயில் மல்லிகையா மணக்கும்?"

"ரத்தமும் வருகிறதே."

"அது மானின் ரத்தம். இலை தின்கிற உனக்கு என்ன தெரியும்?"

"நேற்றும் முந்தாநாளும் உனக்கு இரை தப்பியதை இங்கிருந்துதானே பார்த்தேன். நீ பட்டினி. அப்படியென்றால் இது யாருடைய ரத்தம்?"

சிறுத்தைக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"எனக்கு வலியே இல்லை. வலிக்காத வாயில் என்ன நோய்?"

"வலிக்கட்டும் என்று காத்திருந்த என் அண்ணனுக்கு இன்று பல்லே இல்லை. தின்றதும் எலும்பைக் கடி, தண்ணீரில் வாயை அலசு. இப்போதென்றால் ஈறு தேறிவிடும்."

"அதுவரை என் குட்டியை நீ பார்த்துக்கொள்வாயா? போடி, உன் வேலையைப் பார்!"

நாள் போகப் போக ஈறு பல்லை விட்டு இறங்கியது. கோரைப்பற்கள் ஆடின. அப்போதும் வலி பெரிதாக இல்லை. சிறுத்தை அதைப் பொருட்படுத்தவில்லை.

மழைக்காலம் வந்தது. ஒரு விடியலில் மலைவெள்ளம் ஓடையில் பொங்கிப் பொந்துக்குள் புகுந்தது. சிறுத்தை குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு எதிர்ப்பாறைக்குத் தாவியது.

தாவும்போதே வாயில் ஏதோ நெகிழ்ந்தது. இறுக்கிக் கடிக்கப் பார்த்தது. பல் பிடுங்கிக்கொண்டு வந்தது. குட்டி நழுவி வெள்ளத்தில் விழுந்தது.

சிறுத்தை கரையோரமாகவே ஓடிப் பார்த்தது. ஓடை திரும்பும் இடத்தில் நுரையும் முறிந்த கிளைகளும்தான் சுழன்றன.

மந்தி தாழ்ந்த கிளைக்கு இறங்கி வந்தது.

சிறுத்தையின் வாயெல்லாம் ரத்தம். அது யாருடையது என்று இப்போது யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வலிக்கவில்லையே என்று ஈறில் கசியும் ரத்தத்தை அலட்சியம் செய்கிறவர், பல்லை மட்டுமல்ல, அந்தப் பல்லை நம்பியிருந்ததையும் இழப்பார்.