நூறு மார்க் முழங்கால்

மந்தமங்கலம் ஆஸ்பத்திரியில் எல்லா மருந்தும் உண்டு, புத்திக்கு மட்டும் ஸ்டாக் இல்லை.

அங்கே போய் மாட்டிக்கொண்டார் டீ மாஸ்டர் மாசிலாமணி. காலமெல்லாம் நின்றுகொண்டே டீ ஆற்றி, வலது முழங்கால் தேய்ந்துபோன ஆள். மாசத்துக்கு ஒருத்தருக்குத்தான் அங்கே இலவச முழங்கால் ஆபரேஷன். யாருக்கு என்பதை டாக்டர் முடிவு பண்ணுவதில்லை. 'வாழ்க்கைத் தரம்' என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. அதில் யாருக்கு மார்க் குறைவோ அவருக்கு.

மார்க் போட மூன்று பேர். தலைமை ஏகாம்பரம், அவருக்குக் கீழே செங்கமலம், அவளுக்கும் கீழே பிச்சாண்டி. "தாள்ல உள்ளபடி செய்யுங்க, சொந்தப் புத்தியைப் போடாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த விஷயத்தில் அவருக்கு அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை.

"மாடிக்குப் போக முடியுதா?" என்று படித்தார் ஏகாம்பரம்.

"முடிஞ்சா உங்ககிட்ட எதுக்கு வர்றேன்? முடியலை."

"போய்ப் பார்த்தாத்தானே தெரியும்" என்றாள் செங்கமலம்.

மூவருமாக மாஸ்டரைக் குண்டுக்கட்டாகத் தூக்கி மாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். பாதிப் படியிலேயே பிச்சாண்டியின் முட்டி மளுக்கென்றது.

"இப்ப மாடியிலதான இருக்கீங்க?"

"நீங்கதானய்யா தூக்கிட்டு வந்தீங்க."

"யார் காலால போகணும்னு தாள்ல இல்லையே."

முழு மார்க்.

"வலியால வேலை கெடுதா?"

"வேலையை விட்டே மூணு மாசமாச்சு."

மூவரும் யோசித்தார்கள். பழக்கமில்லாத காரியம், நேரம் பிடித்தது.

"இல்லாத வேலை எப்படிக் கெடும்?" என்றான் பிச்சாண்டி.

"அதானே. கெடலைன்னு போடு."

அதற்கும் முழு மார்க்.

பேசினால் மார்க் ஏறுகிறது என்று மாசிலாமணிக்குப் புரிந்துபோயிற்று. தூக்கம் வருதா, மனசு நிம்மதியா இருக்கா என்று வரிசையாகக் கேட்டார்கள். அவர் வாயே திறக்கவில்லை.

ஏகாம்பரம் தாளின் அடியில் பார்த்தார். "பதில் சொல்லாத கேள்விக்கு, சொன்ன பதிலோட சராசரியைப் போடணுமாம்."

சொன்னதெல்லாம் முழு மார்க். சொல்லாததும் முழு மார்க். ஆகமொத்தம் நூறு.

மாஸ்டரை மறுபடி கீழே இறக்கியதில் பிச்சாண்டியின் இரண்டு முட்டியும் போய்விட்டன. மறுநாள் அவனுக்கும் தாள் எடுத்தார்கள்.

"மாடிக்குப் போக முடியுதா?"

"நீங்க தூக்குனா முடியும்."

"தூக்க மூணு பேர் வேணும். நாங்க ரெண்டே பேர்தான். முடியாது."

"வேலை கெடுதா?" என்றாள் செங்கமலம்.

"இப்ப என் வேலையை யாரு பார்க்குறா? கெட்டுக்கிட்டுத்தான இருக்கு."

நியாயம் தவறாமல் முட்டை போட்டார்கள். டாக்டர் தாளைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை. இந்த மாச ஆபரேஷன் பிச்சாண்டிக்கு.

சேதி கேட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நொண்டிக்கொண்டே வந்தார் மாசிலாமணி. சண்டை போடத்தான். வாசலிலேயே ஏகாம்பரம் கும்பிட்டார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க மாஸ்டர். பிச்சாண்டியை ஆபரேஷன் ரூமுக்குக் கொண்டுபோகணும். ஊர்லயே நூறு மார்க் ஆளு நீங்க ஒருத்தர்தான். கொஞ்சம் குனிங்க, முதுகுல ஏத்தி விடுறோம்."