ஒரு முரசும் அரைப் புலவரும்

ரொம்பக் காலத்துக்கு முன்னாலே வேங்கைநாடு என்று ஒரு தேசம். விசயகண்டர் என்கிற ராஜா அதை ஆண்டு வந்தார். அவர் சபையில் வடிகட்டின முட்டாள் ஒருவன் இருந்தான். தேட வேண்டாம், அடியேன்தான். பெயர் ஏகாம்பரம். ‘கவிச்சிங்கம்’ என்று பட்டம் உண்டு; நானே வைத்துக்கொண்டது.

வைகாசியில் இளவரசி கோமளவல்லிக்குக் கல்யாணம். “அரண்மனை முரசைச் சீராகக் கொடுங்கள் அப்பா” என்று பெண் கண்ணைக் கசக்கிவிட்டது. ராஜாவுக்கு மகளையும் அழவைக்க மனசில்லை, முரசையும் விட மனசில்லை. “ஒன்றை இரண்டாக்க வழி உண்டா?” என்று சபையில் கேட்டார்.

“முடியாது அரசே. புதிதாகச் செய்ய இரண்டு மாசம் ஆகும்” என்றார் மந்திரி அம்பலவாணர். கல்யாணத்துக்கோ மூன்றே நாள்தான் இருந்தது.

அந்த மனுஷரைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவர் தும்மினால்கூடச் சபை ‘ஆகா’ போடும். நான் பாடினால் கொட்டாவி விடும். சும்மா இருப்பேனா? துள்ளி எழுந்தேன்.

“ஏன் முடியாது? இஞ்சியை இரண்டாக ஒடித்து நட்டால் இரண்டும் முளைக்கவில்லையா? ஆறு இரண்டாகப் பிரிந்தால் இரண்டு பக்கமும் நெல் விளையவில்லையா? பாறையைப் பிளந்தால் சிற்பி இரண்டு சிலை செய்யவில்லையா? முரசைப் பிளந்தால் இரண்டு முரசு!”

ராஜா தொடையைத் தட்டினார். “பலே! நாளை முதல் நீரே மந்திரி. அம்பலவாணரே, நீர் வீட்டுக்குப் போகலாம். யாரங்கே, ரம்பம் கொண்டு வா!”

முரசறையும் சடையன் ஓடிவந்து முரசைக் கட்டிக்கொண்டான். “மகாராசா! ஆத்துல வெள்ளம் வந்தா ஊரை எழுப்புறதே இதுதானுங்க. உள்ள இருக்கிற காத்துதான் இதுக்கு உசுரு. அறுத்தா ரெண்டு தொட்டிதான் மிஞ்சும், மாட்டுக்குத் தண்ணி காட்டலாம்!” என்று அழுதான்.

“உனக்கென்னடா தெரியும்?” என்று அதட்டினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அம்பலவாணர் கை கூப்பினார். “அரசே, நான் தோற்றேன். ஒரே ஒரு கவலை. இவ்வளவு பெரிய அறிவாளி நம்மிடம் ஒருவர்தானே? இளவரசியோடு அனுப்ப ஒருவர், நமக்கு ஒருவர் வேண்டாமா? ரம்பமும் வந்துவிட்டது. முதலில் புலவரை இரண்டாக்கிவிடுவோம்.”

“அதுவும் சரிதான்!” என்றார் ராஜா. கடைசியில் யார் பேசினாலும் அவருக்கு அது சரிதான். தச்சர்கள் இரண்டு பேர் என்னை மல்லாத்தி, உச்சந்தலையிலிருந்து தொப்புள் வரை நூல் பிடித்துக் கரிக்கோடு போட்டார்கள்.

கவிச்சிங்கம் ஊளையிட்டது. “ஐயோ அரசே! இஞ்சிக்குத் துண்டுக்குத் துண்டு முளை இருக்கு! ஆத்துக்குப் பின்னாலே ஊத்து இருக்கு! பாறைக்கு மூச்சே கிடையாது! எனக்கு ஒரே உசுருதான்!”

“முரசுக்கு எத்தனை, புலவரே?” என்று மெதுவாகக் கேட்டார் மந்திரி.

“அதுக்கும் ஒண்ணுதான்! சடையன் சொன்னதுதான் சரி!”

சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ராஜாவும் சிரித்தார்; அப்புறம் கொஞ்சம் அசடு வழிந்தார். சடையனுக்கு இரண்டு பசு கொடுத்தார், மந்திரிக்குத் தன் முத்துமாலையையே போட்டார். புது முரசு செய்து ஆடிச் சீரோடு அனுப்புவதாக மகளையும் சமாதானப்படுத்தினார்.

பிறகு என்னைப் பார்த்தார். “உம்மைப் பிளக்க முடியாது. உம்முடைய பதவியைப் பிளக்கலாமே! காலையில் நீர் புலவர். மாலையில் சடையனுக்கு முரசு சுமப்பீர்.”

ஆடியில் அந்தப் புது முரசைத் தலையில் சுமந்துகொண்டு இளவரசியின் புகுந்த வீட்டுக்குப் போனேன். மாமியார் அம்மாள் வாசலுக்கு வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எத்தனையோ பேர் சீர் சுமந்து வந்திருக்காங்க. இவ்வளவு பாங்காச் சுமந்த ஆளைப் பார்த்ததில்லை” என்றார்.

முப்பது வருஷமாகப் பாடுகிறேன். நான் கேட்காமலே எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான்.