நண்டுக் கொட்டகையும் உடும்புப் பிடியும்

ஒரு காட்டில், குழந்தைகளே, ஒரு நரி ஒரு நண்டைப் பிடித்தது. பிடித்ததோடு தின்று தொலைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அது தின்னவில்லை, யோசித்தது. நரி யோசிக்க ஆரம்பித்தால் மற்றவர்களுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த நரியின் பெயர் பவுன்ராசு. அது குளத்தங்கரை ஈரமண்ணில் வட்டமாக ஏழு குழிகள் தோண்டி, மேலே ஓலைக் கொட்டகை போட்டது. நண்டை நடுவில் விட்டது.

"நண்டு எந்தக் குழிக்குள்ள போகும்? சரியாச் சொன்னா வெச்சதுக்கு ரெண்டு மடங்கு! தப்பாச் சொன்னா வெச்சது எனக்கு! வாங்க, வாங்க, யோகம் யாருக்கும் அடிக்கும்!" என்று கூவியது.

அவ்வளவுதான் ஆட்டம். கரடி தேனடையை வைத்தது, போயிற்று. குரங்கு வாழைத்தாரை வைத்தது, அதுவும் போயிற்று. சின்னப்பொட்டு என்ற அணில், மழைக்காலத்துக்கென்று சேர்த்த கொட்டைகளையெல்லாம் ஒரே மத்தியானத்தில் வைத்துத் தோற்றது. தோற்ற பிறகும், "நண்டு என் குழியை எட்டிப் பாத்துச்சே, நீ கவனிச்சியா? கொஞ்சத்துல தப்பிருச்சு!" என்று வழியில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னது.

எப்போதோ ஒரு நாள் ஒரு கீரிப்பிள்ளை ஜெயித்தது. அதைக் காக்கைகள் இன்னமும் மரத்துக்கு மரம் பாடிக்கொண்டிருந்தன. பாட்டுக்கு நரி எலும்பு போட்டது.

கெட்டியம்மா என்ற உடும்பு மட்டும் கொட்டகைப் பக்கம் போகவில்லை. 'தோக்கறவன் தோக்கட்டும், நமக்கென்ன?' என்று வெயில் காய்ந்தது. உண்மையைச் சொன்னால், சின்னப்பொட்டின் புலம்பலைக் கேட்டு வாயை மூடிக்கொண்டு சிரிக்கவும் செய்தது.

ஒரு காலையில் அந்தச் சிரிப்பு நின்றது. அது குடியிருந்த கரையான் புற்றின்மேல் காக்கைகள் வந்து உட்கார்ந்து கத்தின. "இந்த இடத்துல பெரிய கொட்டகை வருது! புத்தை இடிக்கப் போறாங்க! எல்லாரும் வழி விடுங்க!"

 அந்தப் புற்றுக்குள்தான் கெட்டியம்மா முட்டையிட்டு மண்போட்டு மூடியிருந்தது. பொரிய இன்னும் நாளிருந்தது. தூக்கிக்கொண்டு வேறிடம் போகவும் வழியில்லை. உடும்பு முட்டையைப் புரட்டினால் உள்ளே இருக்கும் குஞ்சு செத்துப்போகும்.

அது நேரே நரியிடம் போனது. "பவுன்ராசு, என் புத்தை விட்டுடு. உள்ள முட்டை இருக்கு."

"அடடா! அக்கா, நீங்க காட்டோட வளர்ச்சிக்கு எதிரியா?"

"நான் எதுக்கும் எதிரி இல்லடா. வேற எங்கயாவது தோண்டித் தொலை."

"நாளைக்கு ராஜா முன்னால கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கு. உங்க கருத்தைத் தாராளமா அங்க வந்து சொல்லுங்க அக்கா," என்று நரி கைகூப்பியது. அந்தப் பணிவைப் பார்த்ததும் உடும்புக்கு இன்னும் பயமாகிவிட்டது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது ஒரு திட்டம் கொண்டுவந்தால் சிங்கராஜா கேட்டுக்கொண்டே மூன்று கொட்டாவி விடுவார். மூன்றாவது கொட்டாவிக்குள் மறுப்புச் சொன்னால் உண்டு. மூன்றாவதும் வந்துவிட்டால் அந்தத் திட்டம் சட்டம். ராஜாவுக்குத் தெரிந்த ஆட்சிமுறை அது ஒன்றுதான்.

கெட்டியம்மா அன்று முழுக்க வீடு வீடாக அலைந்தது.

"பக்கத்துலயே ஒரு கொட்டகை வந்தா எனக்கு நடை மிச்சம்," என்றது கரடி.

"வரேன் பெரியம்மா, கண்டிப்பா வரேன்," என்றது சின்னப்பொட்டு. "ஆனா புதுக் கொட்டகையில விட்டதைப் பிடிச்சிடலாம்னு ஒரு எண்ணமும் இருக்கு."

"உன் எண்ணத்துல இடி விழ!" என்று திட்டிவிட்டு வந்தது உடும்பு. கோபத்தில் அழுகையும் வந்தது.

மறுநாள் கூட்டம் கூடியது. பவுன்ராசு வால் மயிரை வாரிவிட்டுக்கொண்டு எழுந்து நின்றது.

"ராஜா! புதுக் கொட்டகை வந்தா எல்லாருக்கும் வேலை! குழி தோண்டப் பெருச்சாளிக்கு வேலை, ஓலை வேயக் குரங்குக்கு வேலை, தோத்தவங்களைத் தேத்தப் புறாவுக்கு வேலை! வர்றதுல ஒரு பங்கு குட்டிங்க பள்ளிக்கூடத்துக்கு!"

அந்தக் காட்டில் பள்ளிக்கூடமே கிடையாது. அதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. காக்கைகள் "ஆமாம்! ஆமாம்!" என்று கரைந்தன. ராஜா முதல் கொட்டாவி விட்டார்.

"ராஜா, என் முட்டை..." என்று ஆரம்பித்தது கெட்டியம்மா.

"ஆமாம்! ஆமாம்! ஆமாம்!" காக்கைகளின் கூச்சலில் அதன் குரல் அதற்கே கேட்கவில்லை. ராஜா இரண்டாவது கொட்டாவியும் விட்டார்.

இனிக் கத்திப் பயனில்லை. உடும்பு விடுவிடுவென்று ஓடி, நரியின் முதுகில் ஏறி, நாலு கால் நகத்தையும் அழுத்தி ஒரு பிடி பிடித்தது. உடும்புப் பிடி என்று சும்மாவா சொல்கிறார்கள்?

"ஐயய்யோ!" என்று நரி போட்ட சத்தத்தில் காக்கைகள் வாயடைத்துப்போயின.

"பவுன்ராசு, உன் ஆட்டத்துல யோகம் யாருக்கும் அடிக்குமா?"

"அடிக்கும்க்கா, சத்தியமா அடிக்கும்! இறங்குங்க!"

"அப்ப இப்பவே பந்தயம் கட்டிடுவோம். நான் என் புத்தை வெக்கிறேன். நீ உன் கொட்டகையை வை."

வலியிலும் நரிக்கு நாக்கில் நீர் ஊறியது. "சரிக்கா! உங்களுக்கு எந்தக் குழி?"

"எனக்கு ஆறு குழி. உனக்கு ஒண்ணு."

"அதெப்படி?"

"தினம் நீ எங்களோட அப்படித்தானேடா ஆடுற? இன்னிக்கு நீ எங்க இடத்துல உக்காரு, நான் உன் இடத்துல உக்கார்றேன். ஜெயிச்சா ரெண்டு மடங்கு உனக்கும் உண்டு. என் புத்தோட என் தங்கச்சி புத்தையும் சேத்துத் தரேன். அவளை இன்னும் கேக்கல, கேட்டுக்கலாம்."

நரி நெளிந்தது. "அக்கா, நான் ஆட்டத்தை நடத்துறவன். நான் ஆடறதில்ல."

"யோகம் யாருக்கும் அடிக்கும்னியே? எந்தக் குழி? சொல்லு!" உடும்பு நகத்தை இன்னும் இறக்கியது.

வலி பொறுக்காமல் நரி அலறியது. "ஏழு குழியில ஒரே ஒரு குழியை நம்பி எவனாவது கொட்டகையை வெப்பானா? எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

 சின்னப்பொட்டு தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தது.

"அப்ப, எனக்குத்தான் கிறுக்கு பிடிச்சிருந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டது.

இந்த முறை கெட்டியம்மா சிரிக்கவில்லை. அதற்குப் பாவமாக இருந்தது.

அப்போது ராஜாவுக்கு அருகில் உட்கார்ந்திருந்த சிங்கராணி அவர் பக்கம் திரும்பியது. "ஏங்க, போன வாரம் நான் ஓடி ஓடி அடிச்ச மான் காணாமப் போச்சே. கழுதைப்புலி தூக்கிட்டுப் போச்சுன்னு சொன்னீங்களே, நிஜந்தானா? இல்ல, அதுவும் இந்தக் கொட்டகைக்குத்தான் போச்சா?"

மூன்றாவது கொட்டாவிக்காகப் பாதி திறந்திருந்த ராஜாவின் வாய் பட்டென்று மூடிக்கொண்டது. பிறந்ததிலிருந்து அவர் ஒரு கொட்டாவியையும் விழுங்கியதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ராஜா! மூணாவது கொட்டாவி! விடுங்க ராஜா!" என்று நரி கெஞ்சியது.

"வரல," என்றார் ராஜா. "எனக்கு இன்னிக்குத் தூக்கமே வரல."

"ராத்திரியும் வராது," என்றது ராணி.

கொட்டாவி வராததால் திட்டம் சட்டமாகவில்லை. புற்று தப்பியது. இனி எலும்பு கிடைக்காது என்று புரிந்துகொண்ட காக்கைகள், எல்லாருக்கும் முந்திக்கொண்டு, "கொட்டகை ஒழிக!" என்று கரைந்தன.

"அதான் ஜெயிச்சிட்டீங்களே அக்கா, இறங்குங்க," என்றது நரி.

"புதுசு வராது, சரி. பழசு?"

"அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே..."

நகம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. நரி பேச்சை விட்டுவிட்டுக் குளத்தங்கரைக்கு நடந்தது. முதுகில் உடும்பு, பின்னால் காடு முழுவதும். ஓலை சரிந்தது. தோண்டிய காலாலேயே நரி குழிகளில் மண்ணைத் தள்ளியது. நண்டு, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், தண்ணீருக்குள் இறங்கிப் போயிற்று.

கடைசிக் குழி வந்ததும் நரி நின்றது. "இது ஒண்ணை மட்டும் விட்டுடலாமே அக்கா? ஒரு ஞாபகத்துக்கு?"

கரடி அந்தக் குழியை ஆசையாக எட்டிப் பார்த்தது. சின்னப்பொட்டுகூடக் கொஞ்சம் பார்த்தது.

"மூடுடா," என்றது கெட்டியம்மா.

நீதி: யோகம் யாருக்கும் அடிக்கும் என்று கூப்பிடுகிறவனை முதலில் உன் இடத்தில் உட்காரச் சொல், அவன் உட்காராவிட்டால் நீயும் உட்காராதே.