முத்தழகி காட்டிக்கொடுத்த சூனியக்காரர்

செண்டலங்கார மகாராஜாவுக்கு முத்தழகி என்றால் உயிர். ராணியம்மா என்று நினைத்துவிடாதீர்கள், முத்தழகி அவருடைய வெள்ளைப் பெட்டைக்குதிரை!

தேரோட்டத்தன்று ராஜா அவள்மேல் ஏறி ஊர்வலம் கிளம்பினார். வழக்கப்படி பின்னாலேயே தளவாய் சூரப்பர் தம் கறுப்புக் குதிரையில் வந்தார். கடைவீதி நடுவில் முத்தழகி நின்றுவிட்டாள். தட்டினாலும் நகரவில்லை, கொஞ்சினாலும் நகரவில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு தளவாயின் குதிரையை நோக்கிப் பின்பக்கமாகவே நடக்க ஆரம்பித்தாள். ராஜா முன்னே பார்க்கிறார், குதிரை பின்னே போகிறது. ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

மானம் போன ராஜா சபையைக் கூட்டினார்.

"குதிரைக்காரன் அய்யாக்கண்ணு சூனியம் வைத்துவிட்டான், மகாராஜா" என்றார் தளவாய். லாயத்து வேலையைத் தம் மச்சானுக்கு வாங்கிக்கொடுக்க வேண்டுமென்று அவருக்கு ரொம்ப நாளாக ஆசை.

"ஐயோ சாமி!" என்று அய்யாக்கண்ணு தரையில் விழுந்தான். "மூணு வாரத்துக்கு ஒருதரம் அவளுக்குப் பருவம் வரும். அஞ்சாறு நாள் யார் பேச்சும் கேக்கமாட்டா. இன்னிக்கு வேணாம்னு தளவாய்கிட்டே தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

"புளுகு! அரண்மனைக் குதிரைக்கு ஏதடா பருவம்?" என்று தளவாய் பாய்ந்தார்.

"இவனைப் பெண்டாட்டி பிள்ளைகளோடு நாடு கடத்துங்கள்!" என்றார் ராஜா.

மந்திரி உலகுடையார் மெல்ல எழுந்தார். எல்லாரும் வாயடைத்துப் போகும் நேரத்தில்தான் அந்த மனுஷனுக்குப் பேச்சு வரும்.

"சூனியக்காரனைச் சும்மா அனுப்பலாமா, அரசே? இருபத்தோரு நாள் சிறையில் கிடக்கட்டும். தளவாயின் ஆட்களே காவல் இருக்கட்டும். அதற்குப் பிறகும் முத்தழகி முரண்டு பிடித்தால், சூனியம் வைத்தவன் வேறு ஆள். யார் முன்னால் போய் நிற்கிறாளோ, அவரே அந்த ஆள்."

"பேஷான யோசனை!" என்றார் தளவாய், தலையை ஆட்டி ஆட்டி.

இருபத்தோராம் நாள் மைதானத்தில் தளவாய் உட்படப் பத்துப் பேர் குதிரையோடு வரிசையாக நின்றார்கள். முத்தழகியை அவிழ்த்துவிட்டார்கள். ஒன்பது பேரை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே தளவாயிடம் போனாள். திரும்பினாள். வாலைத் தூக்கிக்கொண்டு கல்லாய் நின்றாள்.

"ஆகா, அகப்பட்டார் சூனியக்காரர்!" என்றார் உலகுடையார். "தளவாயின் குடும்பத்துக்கு வண்டி கட்டச் சொல்லட்டுமா, அரசே?"

தளவாய் ஓடிவந்து ராஜாவின் காலில் விழுந்தார். "ஐயையோ, மகாராஜா! சூனியமும் இல்லை, மண்ணும் இல்லை! இந்த வரிசையிலேயே என் குதிரை ஒன்றுதான் ஆண்குதிரை. பெட்டைக்குப் பருவம் வந்தால் அப்படித்தான் நிற்கும்! மூன்று வாரத்துக்கு ஒருதரம் வரும்! இது லாயத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

ராஜா ஒரு கணம் முறைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அய்யாக்கண்ணுவை விடுங்கள். இனி அவன் சரி என்று சொன்ன நாளில்தான் நானே முத்தழகிமேல் ஏறுவேன். அது சரி உலகுடையாரே, உமக்கு முதல் நாளே உண்மை தெரியும்தானே? அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருப்பேன் அரசே. குதிரைக்காரன் பேச்சுக்குச் சாட்சி கேட்டிருப்பீர்கள். தளவாயைவிடப் பெரிய சாட்சிக்கு நான் எங்கே போவேன்?"