பஸ்ராக்காரர் கிழிச்ச மூணு தாள்

ஒரு ஊர்ல ஒரு புத்தகக்காரர் இருந்தார். ஊர் பேரு பஸ்ரா, கடலுக்கு அந்தப் பக்கம். அவர் பேரு ஹுமைத். எழுதறதெல்லாம் அரபியிலதான். ம் கொட்டு. ஆங்.

அந்த ஊர் நூலகத் தலைவர் ஒரு நாள் அவரைக் கூப்பிட்டார். "இந்து ஜனங்க யாரைக் கும்பிடறாங்க, ஏன் கும்பிடறாங்கன்னு எழுதிட்டு வாங்க"ன்னார். அதைப் பத்தி அங்க ஏற்கெனவே ஒரு பழைய புத்தகம் இருந்துது. ஹுமைத் என்ன பண்ணார் தெரியுமா? அதைக் கையோட எடுத்துக்கிட்டுக் கப்பல் ஏறினார்; கப்பல்ல உக்காந்தபடியே அதைப் பார்த்து சரசரன்னு மூணு தாள் எழுதிட்டார். 'இவங்களுக்குக் கல்லுதான் கடவுள்' அப்படின்னு.

அப்புறம் நாகப்பட்டினத்துல இறங்கினார். பூவணர்னு ஒரு பண்டிதர் வீட்டுக்குப் போய், தமிழ் தெரிஞ்ச ஒரு மாலுமியை விட்டுக் கேட்டார். "எங்க பாஷையில நீங்களே கேளுங்க, சொல்றேன்"னு பூவணர் கதவைச் சாத்திட்டார். படார்.

அப்போ ஹுமைத் கடைத்தெருவுல உக்காந்து தமிழ் படிச்சார். 'வாழைப்பழம்' வாயில வர ரெண்டு மாசம் ஆச்சு. சிரிக்காத, நீயும் அப்படித்தான் சொன்ன.

அப்புறம் ரெண்டாந்தடவை போனார். அந்த மூணு தாளையும் தமிழ்ல படிச்சுக் காட்டினார். பூவணர் கோவிச்சுக்கலை.

"இதை யார் சொன்னா?"

"ஒரு புத்தகம், ஐயா."

"அதை எழுதினவர் இங்க வந்தாரா?"

ஹுமைத் தாளை மடிச்சுக்கிட்டுத் திரும்பி வந்துட்டார். முகமெல்லாம் சூடாயிடுச்சு. ம்?

மூணாந்தடவை போனப்போ, "நீங்க எதை நினைச்சுக் கும்பிடறீங்க?"ன்னு மட்டும் கேட்டார்.

"அதுக்கு உருவம் இல்ல, பேரும் இல்ல"ன்னார் பூவணர். "மனசு அலையுதே, அது நிக்கத்தான் கல்லு. நீங்க மனசை எங்க நிறுத்துவீங்க?"

"ஓதற சொல்லுல, ஐயா."

ஒருத்தர் சொன்னதை ஒருத்தர் ஒத்துக்கலை. ஆனா புரிஞ்சுது.

ஹுமைத் மூணு தாளையும் கிழிச்சார். சர்ர், சர்ர், சர்ர். கேட்டதைக் கேட்டபடியே புதுசா எழுதினார். அப்புறம் வாடைக்காத்து வந்துது, கப்பல் கிளம்புச்சு. "இதைப் படிச்சா உங்களை வேலையை விட்டே அனுப்பிடுவாங்க"ன்னு மாலுமி சொன்னார். ஹுமைத் தாளைப் பத்திரமா பைக்குள்ள வச்சுக்கிட்டார்.

பஸ்ராவுல தலைவர் முழுசும் படிச்சார்.

"அவர் சொல்றதை நீங்க ஒத்துக்கறீங்களா?"

"இல்லீங்க."

"பின்ன ஏன் எழுதினீங்க?"

"அவர் நினைக்கறது இதுதானே. அவரே படிச்சாலும், 'ஆமா, இதைத்தான் சொன்னேன்'னு சொல்லணும்."

தலைவர் தாடியைத் தடவினார். "அப்போ அவருக்கும் ஒண்ணு அனுப்புங்க."

"அவருக்கு அரபி தெரியாதே."

"உங்களுக்குத் தமிழ் தெரியுமே"ன்னார் தலைவர்.

ஹுமைத்துக்குச் சிரிப்பு வந்துடுச்சு. வீட்டுக்குப் போனார், ரெண்டு பேரீச்சம்பழம் தின்னார், வெள்ளைத் தாளை எடுத்து வச்சு, நாக்கைக் கடிச்சுக்கிட்டு, கோணல்மாணலா ஒரு 'அ' போட்டார்.

கதை கரை சேர்ந்தாச்சு. கண்ணை மூடு கண்ணு.