பனியில் கால் படாத வேட்டை

கோம்பைப்பட்டி ஜமீனில் நாய்களுக்கு அறிவு அதிகம். அவற்றை மேய்க்கிற மூன்று பேருக்கும் சேர்த்து அதுகள்தான் யோசித்துக்கொண்டிருந்தன.

மூவரில் மூத்தவன் ஒச்சப்பன். அவனுக்கு உலகத்தில் சொந்தம் என்று இருந்தது ஒரே ஒரு ஜீவன், செவலை என்ற வேட்டைநாய். குட்டியிலிருந்து பால் ஊட்டி வளர்த்தான். தைமாசம் ஒருநாள் ஜமீன்தார் அவனையும், வெயிலுமுத்துவையும், காத்தவராயனையும் கூப்பிட்டார்.

"மலையில என் மச்சினனோட கிழங்குத் தோட்டத்தை ஒரு காட்டுப்பன்னி அழிக்குதாம். நாயைக் கூட்டிட்டுப் போங்க. அங்க உறைபனி. அதுல வேட்டைநாய் கால் படக் கூடாது, வெடிச்சுப்போகும். மூக்கு மட்டும் தரையை விட்டு எழும்பக் கூடாது, எழும்புனா மோப்பம் போயிரும். பன்னியைப் பிடிக்காம இறங்காதீங்க. எந்த நாய் பிடிக்குதோ அதை மச்சினனுக்கே குடுத்துட்டு வாங்க. வாக்குக் குடுத்துட்டேன்."

அவர்கள் கூட்டிப்போகிற மூன்று நாயில் பன்னி பிடிக்கத் தெரிந்தது செவலை ஒன்றுதான். பிடித்தால் செவலை போச்சு, பிடிக்காவிட்டால் ஊர் போச்சு. மலை ஏறுகிற வழியெல்லாம் ஒச்சப்பன் மூக்கைச் சிந்திக்கொண்டே போனான்.

விடிந்ததும் பார்த்தால் தோட்டம் முழுக்க வெள்ளை வெளேர். காத்தவராயன் ஒரு கை அள்ளி நக்கிப் பார்த்து, "உப்புதாண்ணே, சாரம் இறங்கிப்போச்சு" என்று சொல்லிவிட்டு ரசத்துக்கு ஆகும் என்று மடியில் கட்டிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் வேட்டி நனைந்தது. மற்ற இருவரும் நாகரிகம் கருதி அதைப்பற்றிக் கேட்கவில்லை.

ஆளுக்கொரு நாயைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். பத்தடி போனதும் வெயிலுமுத்துவுக்குச் சந்தேகம் வந்தது.

"அண்ணே, கால் மேல இருக்கு, சரி. மூக்கும் மேலல்ல இருக்கு?"

"ஆமாடா, மூக்கு தரையில இருக்கணுமே."

மூவரும் உட்கார்ந்து நெடுநேரம் ஆலோசித்தார்கள். கடைசியில் நாயின் முன்னங்கால் இரண்டையும் துண்டால் வயிற்றோடு கட்டி, பின்னங்காலைப் பிடித்துத் தூக்கி, மூக்கு தரையில் உரச ஏர் ஓட்டுவதுபோலத் தள்ளிக்கொண்டு போனார்கள். செவலை நான்கு முறை தும்மியது. பிறகு கழுத்தைத் திருப்பி ஒச்சப்பனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எந்த மனுசனும் இன்னொரு மனுசனைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான்.

ஒச்சப்பனுக்குத் தாங்கவில்லை. "எசமான் மூக்குன்னுதான் சொன்னாரு. யார் மூக்குன்னு சொல்லலியே" என்றான்.

மற்ற இருவரும் தங்கள் நாய்களைத் திரும்பத் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். இதற்குத்தான் மூத்தவர் ஒருவர் வேண்டும் என்பது.

ஆகவே ஒச்சப்பன் மண்டிபோட்டு, செவலையை முதுகில் ஏற்றிக்கொண்டு, மூக்கைப் பனியில் பதித்து மோப்பம் பிடித்தபடி தவழ்ந்தான். பன்னியின் குளம்படிகள் பனியில் அச்சு அச்சாகப் பதிந்து கிழக்கே போயிருந்தன. கண்ணை உபயோகிக்கச் சொல்லி உத்தரவு இல்லாததால் யாரும் அதைப் பார்க்கவில்லை. ஒச்சப்பனுக்கோ பசி. கிழங்கு வாசனை எங்கே வருகிறதோ அங்கே தவழ்ந்துபோய், கிழக்கே இருந்த கிழங்குக் கொட்டகைக்குள் தலையை நீட்டினான்.

உள்ளே பன்னி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. முதுகில் நாயோடு ஒரு மனுசன் தவழ்ந்து வருவதை அது எங்கே கண்டது? மெல்லுவதை நிறுத்திவிட்டது. ஒச்சப்பன் அலறிப் பின்வாங்கி, கதவை இழுத்துத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டான்.

உடனே வெளியே பஞ்சாயத்து கூடியது.

"பன்னியைப் பிடிச்சது செவலை இல்லையே, அண்ணன்தானே?" என்றான் வெயிலுமுத்து.

"அண்ணன் பிடிச்சது கதவை. கதவுதான் பன்னியைப் பிடிச்சுது. கதவைக் கழட்டிக் குடுப்போம்" என்றான் காத்தவராயன்.

"கதவு மச்சினரோடது. ஏற்கெனவே அவர்கிட்டதான் இருக்கு."

"அப்போ அண்ணன்தான்."

ஒச்சப்பனுக்கு அப்பாடா என்றிருந்தது. செவலை தப்பியது. அதன் கழுத்துப்பட்டையைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டான். இனி அவன்தான் வேட்டைநாய், பனியில் கால் படக் கூடாது. இருவரும் அவன் கைகளை வயிற்றோடு கட்டி, கால்களைத் தூக்கிப் பிடித்து, மூக்கு உரச மச்சினர் வீடுவரை தள்ளிக்கொண்டு போனார்கள். வேட்டைநாய் உத்தியோகம் போன செவலை பனியில் புரண்டு, குதித்து, கும்மாளம் போட்டது.

மச்சினர் வாசலில் நின்று எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டார். அவரும் ஜமீன் குடும்பத்துக்காரர்தானே.

"கடிக்குமா?" என்றார்.

"தெரிஞ்சவங்களைக் கடிக்க மாட்டேனுங்க" என்றான் ஒச்சப்பன், தரையிலிருந்து.

"சரி, கட்டிப்போடுங்க. மத்த நாய்களைக் கூட்டிக்கிட்டு நீங்க கிளம்புங்க."

அப்போதுதான் ஒச்சப்பனுக்கு உறைத்தது. செவலை ஊருக்கு, அவன் மலைக்கு. கண் கலங்கிவிட்டது.

"எசமான், ஒரு குறை இருக்கு. இந்த நாய் தனியா விட்டா ராத்திரி முழுக்க ஊளையிடும்."

சொன்னதோடு நிற்காமல் ஊளையிட்டும் காட்டினான். அது துக்கத்திலிருந்து வந்ததால் நன்றாகவே அமைந்தது. மூன்று நாயும் கூடச் சேர்ந்துகொண்டன. கொட்டகைக்குள்ளிருந்து பன்னியும் ஏதோ சொன்னது.

மச்சினர் காதைப் பொத்திக்கொண்டார். "போதும்ப்பா. துணைக்கு அந்தச் செவலையும் இங்கேயே இருக்கட்டும்."

ஒச்சப்பனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. செவலை ஓடிவந்து வாலை ஆட்டு ஆட்டென்று ஆட்டி அவன் முகத்தை நக்கியது. பதிலுக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பது மரியாதையில்லை. ஒச்சப்பன் மெதுவாகத் தலையைத் திருப்பினான்.

"டே வெயிலுமுத்து, என் கை கட்டியிருக்கு. உன் தோள்ல கிடக்குற துண்டை எனக்குப் பின்னால சொருகி, கொஞ்சம் ஆட்டிவிடு."