நான்காவது மூலை

ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் செல்வநாயகம் இயற்பியல் ஆசிரியர். தலை நரைத்த வயதில், ரோபோ போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. பயிற்சி கொடுக்க வந்த எழிலரசிக்கு அவருடைய மகள் வயதுதான். ஆனாலும் அவளைக் குருவாகவே நினைத்தார். தெரியாததைக் கூச்சப்படாமல் கேட்பார்.

அன்று மாலை, அலுமினியக் குழாய்களை இணைத்துச் செய்த ரோபோவின் சட்டம் மேசைமேல் ஆடியது. மூன்று மூலைகள் படிந்திருந்தன. நான்காவது எம்பி நின்றது. செல்வநாயகம் அந்த மூலையின் போல்ட்டுகளை முறுக்கினார். இன்னும் முறுக்கினார். சட்டம் இன்னும் கோணிக்கொண்டது.

"அளவெல்லாம் சரியாத்தானே வெட்டினேன் மேடம்? இந்த மூலை மட்டும் ஏன் அடங்க மாட்டேங்குது?"

எழிலரசி ஸ்பேனரை வாங்கி மற்ற மூன்று மூலைகளைத் தளர்த்த ஆரம்பித்தாள்.

"ஐயோ, அதெல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு!"

"ஒவ்வொண்ணையும் முழுசா இறுக்கிட்டு வந்தீங்க சார். கடைசி மூலைக்கு நகர இடமே இல்ல."

நான்காவதையும் தளர்த்தினாள். சட்டம் லேசாக அசைந்து, தானாகவே மேசையில் படிந்தது.

"இப்ப நீங்க முறுக்குங்க. எல்லா மூலையையும், கொஞ்சம் கொஞ்சமா."

முறுக்கினார். ஒவ்வொரு மூலையாக அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை. ஆனால் அவர் முகம் தெளியவில்லை.

"நம்ம டீம் பொண்ணு ரிஸ்வானா வர்றதே இல்ல மேடம். லேட்டா வந்ததுக்கு எல்லார் முன்னாடியும் திட்டிட்டேன். சக்கரம் மாட்ட அவளை விட்டா ஆள் கிடையாது. அதுக்காகன்னு இல்ல..." ஸ்பேனரைக் கையில் திருப்பினார். "இந்த ரூம்ல இப்ப சிரிப்புச் சத்தமே இல்ல. அவ வீட்டுக்குப் போகலாம்னு இருக்கேன். என்ன சொல்லிக் கூப்பிடறது?"

எழிலரசி அவருக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"ஏன் லேட்டுன்னு கேட்டீங்களா?"

"கேட்டேனே."

"என்ன சொன்னா?"

செல்வநாயகம் யோசித்தார். அன்று ரிஸ்வானா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இவர் குரல் உயர்ந்துவிட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கியதுதான் நினைவுக்கு வந்தது.

"தெரியல மேடம்."

எழிலரசி அவர் கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாக வாங்கி மேசையில் வைத்தாள்.

"அப்ப நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் சார். அவ சொல்ல வந்ததை முழுசாக் கேட்டுட்டு வாங்க."